கார்மான்ட், 2020: மழை விட்ட பிறகு வந்த முதல் வண்டி

2020 ஆகஸ்ட் 12, காலை 9.37 மணி அளவில் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் கார்மான்ட் அருகே ஒரு பயணிகள் ரயில் தடம் புரண்டது. சரிவிலிருந்து அடித்து வரப்பட்ட சரளையும் கல்லும் தண்டவாளத்தின் மேல் கிடந்தன. அவற்றின் மேல் வண்டி ஏறியபோது வேகம் மணிக்கு 117 கி.மீ. வண்டியில் இருந்தவர்கள் மொத்தம் 9 பேர். ஓட்டுநர், நடத்துநர், பயணி ஒருவர் என 3 பேர் இறந்தார்கள். மீதி 6 பேருக்கும் காயம். கொரோனா காலம், கூட்டமே இல்லாத வண்டி. வழக்கமான ஒரு வேலைநாள் காலையாக இருந்திருந்தால் இந்த எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வேகம் விதிமீறல் அல்ல. அந்தத் தடத்தில் அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குச் சற்றுக் கீழேதான் வண்டி ஓடியது. இந்த விபத்தை எடுத்துப் பேச முக்கியக் காரணமே அதுதான். தூங்கிப்போன ஓட்டுநர் இல்லை, சிவப்பைத் தாண்டியவர் இல்லை, உடைந்த தண்டவாளம் இல்லை. எல்லோரும் தங்களுக்குச் சொல்லப்பட்ட வேலையைத்தான் பார்த்தார்கள். சரளையும் கல்லும் அடித்து வரப்பட்டது கட்டுமானக் கோளாறு. ஆனால் அந்தக் கல்குவியலை ஒரு வண்டி முழு வேகத்தில் போய்ச் சந்தித்தது இயக்கத்தில் எடுக்கப்பட்ட முடிவு. இன்னும் சரியாகச் சொன்னால், யாரும் எடுக்காமல் விட்ட முடிவு. மண்சரிவு விபத்துகளை அலசும்போது பெரும்பாலும் முதல் பாதியிலேயே நின்றுவிடுகிறோம்.

அன்று காலை

அபெர்டீனிலிருந்து காலை 6.38-க்கு கிளாஸ்கோ நோக்கிக் கிளம்பிய வண்டி அது. ஸ்டோன்ஹேவனில் நின்று, பிறகு விபத்து நடந்த அதே இடத்தைத் தெற்கு நோக்கிக் கடந்து போயிருக்கிறது. அப்போது ஒன்றும் இல்லை. கார்மான்ட் சிக்னல் நிலையத்தைத் தாண்டிய சற்று நேரத்தில், எதிர்த்தடத்தில் வந்த வண்டியின் ஓட்டுநர் முன்னால் தெற்குத் தடத்தில் மண் சரிந்து கிடப்பதாகத் தகவல் கொடுத்தார். 7 மணி வாக்கில் நம் வண்டி நிறுத்தப்பட்டது. இதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. ஒரு மண்சரிவை ஒருவர் கண்ணால் பார்த்தார், சொன்னார், வண்டி நின்றது.

அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு. 5.50-லிருந்து 9 மணி வரை அங்கே கிட்டத்தட்ட இடைவிடாத கனமழை. அந்த மூன்று மணி நேரத்தில் பெய்தது 51.5 மி.மீ. வெப்பமண்டலப் பருவமழையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய கணக்காகத் தெரியாது. ஆனால் ஓர் இடத்தின் வாய்க்காலும் மதகும் சரிவும் அந்த இடத்தின் மழைக்குத்தான் பழகியிருக்கும். அந்தப் பகுதிக்கு ஆகஸ்ட் மாதம் முழுக்கப் பெய்யும் மழையில் ஏறக்குறைய முக்கால் பங்கு அந்த மூன்று மணி நேரத்தில் கொட்டிவிட்டது. மி.மீ. கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவோம்.

முன்னால் வழி இல்லை என்பதால், வண்டியை எதிர்த்தடத்துக்கு மாற்றி ஸ்டோன்ஹேவனுக்கே திருப்பி அனுப்ப முடிவானது. அதற்கு அனுமதி கொடுக்கும்போது, இங்கிருந்து ஸ்டோன்ஹேவன் வரை வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா என்று ஓட்டுநரே கேட்டிருக்கிறார். வேண்டாம், அதுவரை எல்லாம் சரியாக இருக்கிறது என்று சிக்னல் நிலையத்திலிருந்து பதில் வந்தது. மழை விட்டு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வண்டி கிளம்பி, வேகம் பிடித்து, சுமார் 2.25 கி.மீ. போனதும் விபத்து.

அந்தப் பதிலைச் சொன்னவர் மேல் கோபம் வருவது இயல்பு. ஆனால் அவரிடம் வேறு பதில் சொல்ல என்ன இருந்தது? அந்தத் துண்டில் தடை இருப்பதாக யாரும் சொல்லவில்லை. வேகத்தைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவும் வரவில்லை. தகவல் இல்லை என்பதை ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்வது தனி மனிதரின் தவறு அல்ல, அந்த அமைப்பே அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலை அந்த வட்டாரத்தில் வெள்ளம், மண்சரிவு என்று பல இடங்களிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல்கள் வந்தபடி இருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனிச் சம்பவமாகக் கையாண்டார்கள். இத்தனை இடத்தில் சரிகிறது என்றால் இன்னும் நமக்குத் தெரியாத இடத்திலும் சரிந்திருக்குமே என்று யோசித்து, மொத்த வட்டாரத்துக்கும் ஒரு வேகக் கட்டுப்பாடு போட வேண்டியவர் யார் என்பது அங்கே தெளிவாக இல்லை. கட்டுப்பாட்டு அறை ஊழியர்களுக்கு அப்படி முடிவெடுக்கத் தேவையான பயிற்சியும் தகவலும் கொடுக்கப்படவில்லை என்று பிரிட்டனின் ரயில் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

சரளை நிரப்பிய வடிகால்

தண்டவாளத்தில் கிடந்தது மலைச் சரிவின் மண் அல்ல. சரிவைக் காப்பாற்றப் போட்ட வடிகாலின் உள்ளிருந்த சரளை.

பாதைக்கு மேலே சரிவு, அதற்கு மேலே வயல்வெளி. வயலிலிருந்து வரும் நீர் சரிவில் இறங்கி மண்ணைக் கரைக்காமல் இருக்க, அதன் தலைமாட்டிலேயே நீரைப் பிடித்துக் குழாய் வழியாகக் கீழே இறக்க 2011-12-ல் ஒரு வடிகால் கட்டினார்கள். நீளமான பள்ளம், அடியில் துளையிட்ட குழாய், அதன் மேல் பள்ளம் நிறையச் சரளை. நீர் சரளைக்குள் இறங்கி, துளைகள் வழியே குழாய்க்குள் போய்விடும் என்பதுதான் ஏற்பாடு. நீர் மேலிருந்து பரவலாக, மெதுவாக வரும்வரை இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நிறைய நீர் ஒரே இடத்தில், ஓட்டத்தோடு வந்து விழுந்தால் கதை மாறிவிடும். குழாய்க்குள் இறங்க நேரமில்லாமல் நீர் பள்ளத்தின் மேலேயே ஓடும். அந்த இடம் செங்குத்தாக இருந்தால் சரளையையே அள்ளிக்கொண்டு போகும்.

கார்மான்டில் நீர் ஒரே இடத்தில் வந்து சேரக் காரணம் ஒரு வரப்பு. வடிகாலின் மேல்பக்கம், சரிவுக்குக் குறுக்காக, சின்னதாக ஒரு மண் வரப்பு போட்டிருந்தார்கள். வடிவமைப்பு வரைபடத்தில் அது கிடையாது. கட்டுமானத்தின்போது ஒப்பந்த நிறுவனமான கரிலியன் போட்டது. வரப்பு எதற்குப் போடப்படுகிறதோ அந்த வேலையைத்தான் அதுவும் செய்தது: பரவி வர வேண்டிய நீரை மறித்து, திருப்பி, ஒரு மூலைக்குக் கொண்டுவந்தது. அந்த மூலை, வடிகால் செங்குத்தாக இறங்கத் தொடங்கும் இடம். எட்டு வருடம் அது அங்கேயே இருந்தது. அந்த அளவு மழை வராததால் ஒன்றும் ஆகவில்லை. வடிகாலை வரைபடத்தில் உள்ளபடியே கட்டியிருந்தால், அன்றைய நீரை அது பெரும்பாலும் தாங்கியிருக்கும் என்பது புலனாய்வின் முடிவு. எதிர்பாராத மழை என்று கைகழுவ முடியாமல் போவது இங்கேதான்.

சரி, எட்டு வருடத்தில் யாராவது போய்ப் பார்த்திருக்கலாமே? கட்டி முடித்த வடிகால், பிரிட்டனின் ரயில் பாதைகளுக்கு உரிமையாளரான நெட்வொர்க் ரயில் நிறுவனத்தின் பராமரிப்புப் பதிவேட்டிலேயே ஏறவில்லை. பதிவேட்டில் இல்லாத ஒன்றுக்கு ஆய்வுத் தேதி வராது. வடிகாலின் மேல் பகுதியை 2012-க்குப் பிறகு யாரும் ஆய்வு செய்ததற்கான சான்று கிடைக்கவில்லை. கரிலியன் நிறுவனமோ 2018 ஜனவரியில் திவாலாகிக் கலைந்துவிட்டது. வேலையை எடுத்துக்கொள்ளும் நாளில், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சரிவின் உச்சிவரை ஏறிப் பார்க்கும் ஒருவர் இருந்திருந்தால் வரப்பு அப்போதே கண்ணில் பட்டிருக்கும். ஒப்படைப்பு என்பதைக் கோப்பு கைமாறும் சடங்காக நடத்துவது எல்லா நாட்டுக் கட்டுமானத் துறையிலும் உண்டு. கார்மான்டில் அந்தக் கோப்பு கூட ஒழுங்காகக் கைமாறவில்லை.

பட்டியலில் இல்லாத இடம்

நெட்வொர்க் ரயிலிடம் சுமார் 1,90,000 மண் கரைகளும் வெட்டுச்சரிவுகளும் இருக்கின்றன. பெரும்பாலானவை மண் இயக்கவியல் என்றொரு துறை பிறப்பதற்கு முன்பே, 150 வருடங்களுக்கு முன், கூலியாட்கள் வெட்டிப் போட்டவை. அத்தனையையும் சாய்வு குறைத்து, ஆணி அடித்து, வலை போர்த்தி நவீனமாக்குவது எந்த நாட்டு கஜானாவாலும் ஆகாது. அதனால் எல்லா ரயில்வேக்களும் செய்வதை அவர்களும் செய்தார்கள்: ஆபத்தான இடங்களைத் தரம் பிரித்துப் பட்டியல் போட்டு, கனமழை எச்சரிக்கை வந்தால் அந்த இடங்களில் மட்டும் வேகத்தைக் குறைப்பது.

கார்மான்ட் அந்தப் பட்டியலில் இல்லை. ஏற்கனவே சீரமைத்து, புது வடிகாலும் போட்ட இடம் எப்படி ஆபத்தான பட்டியலில் வரும்?

பட்டியல் முறையைக் குறை சொல்லவில்லை, அது இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் பட்டியல் பேசுவது சரிவின் உடல்நிலையைப் பற்றி. அரிப்பு பெரும்பாலும் சரிவால் வருவதில்லை, நீரால் வருகிறது. அந்த நீர் பெரும்பாலும் ரயில்வே எல்லைக்கு வெளியே இருந்து வருகிறது. மேலே வயலை உழும் திசையை மாற்றினாலும், ஒரு புது வீட்டுமனை வந்தாலும், காட்டை வெட்டினாலும் கீழே பாதைக்கு வரும் நீரின் அளவும் இடமும் மாறிவிடும். தண்டவாளத்திலிருந்து கொண்டு மேலே பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது.

இந்திய ரயில்வே இந்த விஷயத்தில் ஒரு நல்ல பழக்கத்தை வைத்திருக்கிறது. உடைந்தால் தண்டவாளத்தைப் பாதிக்கக்கூடிய ஏரி, குளங்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு. அவை ரயில்வேக்குச் சொந்தமானவை அல்ல. ஆனாலும் மாநில அதிகாரிகளோடு சேர்ந்து பார்வையிட வேண்டும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் இருப்பது களத்தில் எவ்வளவு நடக்கிறது என்பது வேறு பேச்சு. 2005 அக்டோபர் 29 அன்று அப்போதைய ஆந்திரப் பிரதேசத்தின் வலிகொண்டா அருகே ஏரி உடைந்து வந்த வெள்ளம் ஒரு சிறு பாலத்தை அடித்துப்போக, அதில் வந்து விழுந்த வண்டியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நிறுத்துவதற்கு யாருக்கு அதிகாரம்

ஜப்பானில் இந்தக் கேள்விக்குப் பதில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. பாதையோரம் மழைமானிகள் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும், ஒரு மணி நேர மழை இவ்வளவு, தொடர் மழை இவ்வளவு என்று வரம்பு உண்டு. முதல் வரம்பைத் தாண்டினால் வேகம் குறையும், அடுத்ததைத் தாண்டினால் வண்டிகள் நிற்கும். யாரும் யாரிடமும் கேட்டு, யோசித்து, தயங்கி முடிவெடுக்க வேண்டியதில்லை. மழைமானி சொன்னால் சொன்னதுதான். இதில் கிடைக்கும் பெரிய லாபம், முடிவெடுப்பவர் மேல் இருக்கும் அழுத்தம் போய்விடுவது. ஒன்றும் ஆகாத நாளில் வண்டியை நிறுத்திய அதிகாரியிடம் ஏன் நிறுத்தினாய் என்று யாரும் கேட்க முடியாது.

கொங்கண் ரயில்வே வேறு வழியைப் பிடித்தது. 2003 ஜூன் 22 இரவு வைபவ்வாடி அருகே சரிந்து கிடந்த பாறைகளில் ஒரு வண்டி மோதி 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தடத்தில் மழைக்காலத்துக்கென்றே தனிக் கால அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. அதில் வண்டிகளின் வேகம் முன்கூட்டியே குறைத்து வைக்கப்பட்டிருக்கும். தாமதம் அட்டவணைக்குள்ளேயே வந்துவிடுவதால், தாமதத்தை ஈடுகட்ட வேண்டும் என்ற அவசரம் ஓட்டுநருக்கு இல்லை. அதோடு பலவீனமான இடங்களில் காவலாட்கள், இரவில் விளக்கும், சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் வெடிச் சிக்னலும் எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் நடக்கும் ரோந்து. பழங்கால ஏற்பாடாகத் தெரியலாம். ஆனால் கார்மான்டில் இல்லாமல் போனது அதுதான்: வண்டிக்கு முன்னால் பாதையைப் பார்த்த ஒரு ஜோடிக் கண். மழைக்குப் பிறகு அந்தப் பாதையைச் சோதித்த முதல் ஆள், பயணிகளை ஏற்றிக்கொண்டு 117 கி.மீ. வேகத்தில் வந்த அந்த வண்டியின் ஓட்டுநர்தான்.

ரோந்துக்கு ஆள் இல்லையென்றால் வண்டியையே ரோந்தாக்கலாம். பார்வைக்கு எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் பாதையைப் பார்த்துக்கொண்டே போ என்று ஓட்டுநரிடம் சொல்வது எல்லா ரயில்வே விதிப்புத்தகத்திலும் உள்ள சாதாரண நடைமுறை. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போயிருந்தால் அந்த 2.25 கி.மீ. தூரத்துக்கு ஏழு நிமிடம்கூட ஆகியிருக்காது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற வண்டிக்கு ஏழு நிமிடம் ஒரு பொருட்டா? 64 கி.மீ. வேகத்தில், அதாவது அவர்கள் கணக்கில் 40 மைலில் போயிருந்தாலும், மோதும்போது வண்டியில் இருக்கும் ஆற்றல் 117 கி.மீ. வேகத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் ஏறுவதால் வரும் வித்தியாசம் இது.

நிறுத்தியதால் பிழைத்த வண்டிக்கும் உதாரணம் உண்டு. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய வண்டி, சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. முன்னால் செய்துங்கநல்லூர் வரையிலான பகுதியில் கரை அரிக்கப்பட்டு, ஜல்லியெல்லாம் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் எல்லோரும் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். நிலையத்தில் நிறுத்திய வண்டியைப் பற்றிய செய்தியில் பயணிகளின் அவதிதான் தலைப்பாக வரும், நடக்காமல் போன விபத்து தலைப்பாக வராது. கண்காணிப்புப் பணியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இருக்கும் சாபம் இது.

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்திலேயே பிராண்டர் கணவாயில் 1880-களிலிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது. சரிவை ஒட்டி வரிசையாகக் கம்பிகள் கட்டியிருப்பார்கள். பாறை உருண்டு வந்து கம்பியை அறுத்தால் சிக்னல் தானாகவே ஆபத்துக்கு மாறும். காற்றில் கம்பிகள் ரீங்கரிப்பதால் அதைக் கட்டச் சொன்ன அதிகாரியின் பெயரால் ஆண்டர்சனின் பியானோ என்று கூப்பிடுகிறார்கள். நூற்றாண்டுக்கு மேல் உழைத்த அருமையான கருவிதான். ஆனால் 2010 ஜூன் 6 அன்று ஒரு பாறை கம்பிக்கும் தண்டவாளத்துக்கும் இடைப்பட்ட சரிவிலிருந்து உருண்டது. கம்பி அறுபடவில்லை, சிக்னல் மாறவில்லை, வண்டி தடம் புரண்டது. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை. இன்றைய சாய்வுமானி, ஒளியிழை உணரி, கேமரா எல்லாவற்றுக்கும் இதே எல்லை உண்டு. பொருத்திய இடத்தை மட்டும்தான் அவை பார்க்கும், எங்கே பொருத்துவது என்பதைப் பழைய பட்டியல்தான் சொல்லும்.

தடம் புரண்ட பிறகு

கார்மான்டில் வண்டி தடம் புரண்டதோடு நின்றிருந்தால் 3 உயிர்களும் பிழைத்திருக்கலாம். பாதை அங்கே வளைகிறது, அடுத்து ஒரு பாலம். தடம் விட்ட முன் எஞ்சின் இடப்பக்கமாக ஒதுங்கிப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி, அதை உடைத்துக்கொண்டு போய், மரங்கள் அடர்ந்த கரையில் விழுந்தது. மூன்றாவது பெட்டியும் கரையில் இறங்கியது. முதல் பெட்டி தலைகீழாகத் தடத்துக்குக் குறுக்கே கிடக்க, இரண்டாவதும் கவிழ்ந்து அதன் மேல் ஏறிக்கொண்டது. தடம் விட்ட சக்கரங்கள் பக்கவாட்டில் விலகாமல் பிடித்துவைக்கும் காப்புத் தண்டவாளம் அந்த இடத்தில் இல்லை. வண்டியும் 1970-களின் வடிவமைப்பு, மோதல் பாதுகாப்பு விதிகள் வருவதற்கு முந்தையது. நவீன வண்டியாக இருந்திருந்தால் விளைவு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்கிறது அறிக்கை. அறிக்கையின் 20 பரிந்துரைகளில் இவையும் இடம்பெற்றன. மண்சரிவை முழுக்கத் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டால், பாலத்துக்கு முன்னால் காப்புத் தண்டவாளம் போடுவதும் மண்சரிவு மேலாண்மைதான்.

2023 செப்டம்பரில் அபெர்டீன் உயர் நீதிமன்றத்தில் நெட்வொர்க் ரயில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 67 லட்சம் பவுண்ட் அபராதம்.

நடைமுறையில் மாறியது வேகக் கட்டுப்பாடு. இப்போது கனமழை முன்னறிவிப்பு வந்தால் ஸ்காட்லாந்தில் நீண்ட தூரங்களுக்கு 40 மைல் வேகக் கட்டுப்பாடு போடுகிறார்கள். பயணிகளுக்கு எரிச்சல், அட்டவணை குலைகிறது, இணைப்பு வண்டிகள் தவறுகின்றன. அந்தக் கட்டுப்பாட்டின் கீழ் ஓடும் தடத்தில் மிகப் பெரும்பகுதிக்கு அன்று எந்த ஆபத்தும் இருக்காது என்பதும் உண்மை. விபத்துக்குப் பின் வானிலை விஞ்ஞானி ஜூலியா ஸ்லிங்கோ தலைமையில் அமைந்த குழு, ரேடார் மழைத் தகவலை அவ்வப்போது உள்வாங்கி, தேவைப்படும் துண்டுக்கு மட்டும், தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் கட்டுப்பாடு போடும் திசையைக் காட்டியது. சரியான திசைதான். ஆனால் கட்டுப்பாட்டைத் துண்டுதுண்டாகச் சுருக்கச் சுருக்க, எந்தத் துண்டு ஆபத்து என்ற பழைய பட்டியலின் மேல் மறுபடி சாய வேண்டிவரும். அது தவறினால் என்ன ஆகும் என்பதை 2020-லேயே பார்த்தாகிவிட்டது. என் கணிப்பில், மழையின் அளவை வைத்துச் சுருக்கலாம், சரிவின் தரத்தை வைத்துச் சுருக்கக் கூடாது.

கட்டுப்பாட்டை எப்போது விலக்குவது என்பதில்தான் எனக்கு இன்னும் திருப்தியான விடை கிடைக்கவில்லை. மழை ஓய்ந்ததும் வானம் வெளுக்கும், எல்லோருக்கும் அவசரம் வரும். ஆனால் மண்ணுக்குள் இறங்கிய நீர் சரிவின் வயிற்றில் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். களிமண் சரிவுகள் மழைக்குப் பல மணி நேரம், சில சமயம் நாட்கள் கழித்துச் சரிவதுண்டு. சரளை அரிப்பு அப்படியல்ல, மழையோடேயே முடிந்துவிடும். ஆனால் அதன் மேல் ஒரு வண்டி வரும்வரை யாருக்கும் தெரியாது. இந்த இரண்டுக்கும் ஒரே விலக்கல் விதி பொருந்தாது. முதலாவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். இரண்டாவதற்கு நேரம் கொடுத்துப் பயனில்லை. ஆளோ, வெறும் எஞ்சினோ, ஊர்ந்து போகும் முதல் வண்டியோ, ஏதாவது ஒன்று அந்தப் பாதை முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தபிறகே முழு வேகத்தைத் திறக்க வேண்டும்.